பாரிவாக்கத்துச் சோடி விளக்கு

சென்னைக்கு வந்து சேர்ந்த அன்றே, யாரையும் நம்பக் கூடாது என்று கலா எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். கலா என் சித்தியின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நெடுங்காலமாகத் தனியே இருக்கிறாள். மரக்கதவுக்கு இரண்டு பூட்டு. அதற்கு வெளியே ஒரு இரும்புக் கதவு, அதற்கும் ஒரு பூட்டு.

“அக்கா, கைப்பையை முன்னுக்குப் பிடியுங்கோ. ஆட்டோக்காரன் ‘அக்கா’ எண்டு கூப்பிட்டா ஏறாதேங்கோ. பழைய சாமான் விக்கிறவன் சிரிச்சுக் கதைச்சா அப்பிடியே திரும்பி வாங்கோ” என்றாள்.

“சிரிக்காமல் கதைச்சா?”

“அப்ப இன்னும் மோசம்.”

நான் வந்தது ஒரு சோடி கார் விளக்குக்காக. சாவகச்சேரியில் எங்களிடம் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த ஒரு சிறிய கார் நிற்கிறது. முன்பு என் மனுசன் ஓட்டினார். அவருக்கு இடுப்பு முறிந்த பிறகு நான் ஓட்டுகிறேன். பகலில் கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும். வாரத்தில் சில நாட்கள், விடியுமுன்பே, சிறுநீரகம் பழுதான மூன்று பேரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு அங்கே முறை வைத்திருக்கிறார்கள். பிந்தினால் அந்த முறை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

காரின் முன் விளக்குகளுக்குள் வெள்ளி பூசிய கிண்ணங்கள் இருக்கும். அந்தப் பூச்சுதான் வெளிச்சத்தைத் தெருவில் எறிவது. எங்கள் காரில் அது உப்புக் காற்றில் உரிந்து கறுத்துப்போயிற்று. பல்பு எரியும், தெரு தெரியாது. ஒரு விடியற்காலை நாவற்குழிப் பக்கம் நடுத்தெருவில் ஒரு மாடு படுத்திருந்தது. கடைசி நொடியில் பிரேக் அடித்தேன். மாடு தப்பியது. பின்சீட்டில் இருந்த பரமேசக்காவின் வாய் முன்சீட்டில் இடித்துப் பல் ஒன்று போயிற்று. “பரவாயில்லைப் பிள்ளை, ஆடின பல்லுத்தானே” என்றார் அவர். ஆனால் அதற்குப் பிறகு மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார்கள்.

புது மாதிரி விளக்குகளும் போட்டுப் பார்த்தோம். காரின் கிழட்டு டைனமோ தாங்கவில்லை, பட்டறியில் சார்ஜ் இறங்கிப் பாதி வழியில் நின்றது. அப்போதுதான் பழைய கார்க்காரர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் அம்பத்தூர்க்காரன் ஒருவன் படம் போட்டிருந்தான். எங்கள் ரகக் காரின் அசல் விளக்குகள். கண்ணாடி, கிண்ணம், வளையம், எல்லாம் முழுசாக. அந்த வடிவான படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகமும் வந்தது. இருந்தும் புறப்பட்டேன்.

முதல் நாள் காலை கலா தோசையும் சாம்பாரும் தந்தாள். சாம்பாரில் ஒரு சிட்டிகை வெல்லம் இருந்தது. எங்கள் ஊரில் சம்பலும் சொதியும் இருந்தால் போதும், ஒளிப்பு மறைப்பில்லாமல் உறைக்கும். உறைக்கிற மாதிரி முகத்தைக் காட்டிக் கடைசியில் இனிக்கிற சாப்பாட்டை நான் முழுதாக நம்புவதில்லை. “ஆக்களை நம்பாதேங்கோ எண்டு சொன்னால் நீங்கள் சாம்பாரையும் நம்பமாட்டியளே” என்று கலா கோபித்துக்கொண்டாள்.

பூந்தமல்லிக்குப் போய் அங்கிருந்து அம்பத்தூருக்கு பஸ் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஏறினேன். நடத்துநர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “கேரளாவாம்மா?” என்றார். இல்லை என்றேன். “பின்ன தமிள் இவ்ளோ சுத்தமா பேசறீங்க?” என்றார். அவர் பாராட்டினாரா, கேலி செய்தாரா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பஸ் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வந்தபோது அது ஆவடி.

“அம்பத்தூர் எண்டுதானே சொன்னனான்?”

“நீங்க ஆவடின்னு சொன்னமாரிதாம்மா காதுல வுய்ந்துச்சு.”

வேண்டுமென்றே செய்தாரா? எதற்குச் செய்ய வேண்டும்? சந்தை ஓரத்தில் ஒரு கடையில் மசால் வடையும் தேநீரும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் இன்னொருத்தியிடம், “அந்தம்மாவப் பாரேன், பைய எப்டி அணைச்சிக்கினு கீது. உள்ள இன்னா பச்சக் கொய்ந்தயா?” என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். பைக்குள் கடவுச்சீட்டும் ஒரு ஸ்குரூ டிரைவரும்தான் இருந்தன. ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை.

குழுவில் படம் போட்ட டில்லிபாபுவின் கடை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருந்தது. வயது நாற்பது இருக்கும். கலா பயப்படச் சொன்ன அதே சிரிப்பு.

“வாக்கா, வா. சிலோன் பார்ட்டி நீதானா? ஒக்காரு.”

விளக்குகளை ஒரு பட்டறியில் பொருத்திக் காட்டினான். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வட்டமாக, கரை பிசகாமல் விழுந்தது. ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தேன். கிண்ணத்தில் ஒரு கீறல் இல்லை. செத்த காரிலிருந்து கழற்றிய விளக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலந்திக்கூடு இருக்கும், இரும்பில் கறள் பிடித்திருக்கும், ரப்பர் காய்ந்து உதிரும். இதில் ரப்பர் மெத்தென்று இருந்தது. திருகாணிகளில் எண்ணெய் ஈரம் இருந்தது. இது ஓடுகிற காரிலிருந்து, அண்மையில்தான், யாரோ கழற்றியது.

“எங்க எடுத்தது தம்பி?”

“எங்க எட்த்தா இன்னாக்கா? எரியுதா இல்லியா, அத்த பாரு.”

“கார் ஆற்ற?”

“ஆறா? எந்த ஆறு?”

“யாருடைய கார் எண்டு கேட்டனான்.”

அவன் சிரிப்பு நின்றது. வெளியே சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். “த பாரு, நல்ல பொருளு, நல்ல எடத்துலேர்ந்து வந்துது. இங்க யாராண்டயும் காட்டிக்கினு நிக்காத. நேரா ஊருக்கு எட்த்துகினு போய்டு. எப்ப ஃப்ளைட்டு?”

“ஏன் கேக்கிறீர்?”

“சீக்கிரம் போனா நல்லதாச்சேன்னு கேட்டேன்.”

விலையில்கூட அவன் இழுபறிப்படவில்லை. இரண்டையும் பழைய துண்டில் சுற்றி, ஒரு மஞ்சள் துணிப் பையில் போட்டுத் தந்தான். திருப்பித் தந்துவிடுவேனோ என்று அவன்தான் பயந்தான் போலிருந்தது. வாங்கியவள் பயப்பட வேண்டிய இடத்தில் விற்றவன் பயந்தால் என்ன பொருள்?

நான் வீட்டுக்கு வந்ததும் அதற்குக் கலா விடை கண்டுபிடித்தாள். மஞ்சள் பை, கலியாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற பை. அதில் மணமக்கள் பெயருக்குக் கீழே, ‘எத்திராஜ் இல்லத் திருமணம், பாரிவாக்கம்’ என்று அச்சடித்திருந்தது.

“பாத்தியளே? எவன்ரயோ வீட்டில களவெடுத்து அந்த வீட்டுப் பையிலயே போட்டுத் தந்திருக்கிறான். சத்தியமாக் களவுச் சாமான். ஏர்ப்போட்டில பிடிச்சா என்ன சொல்லுவியள்? வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வேற.”

டில்லிபாபுவுக்கு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். துண்டித்தான். விளக்குகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். பாதி மனதுக்கு, களவாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுபோய்விடு என்று சொல்ல ஆசை. பரமேசக்காவின் வாய் ஞாபகம் வந்தது. மற்றப் பாதி விடவில்லை.

மறுநாள் விளக்குகளை என் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பாரிவாக்கம் புறப்பட்டேன். பூந்தமல்லியில் ஒரு ஆட்டோக்காரர் “எங்கக்கா போணும்?” என்றார். கலாவின் சட்டப்படி விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனேன். அவரும் அக்கா என்றார். மூன்றாமவர் “இன்னாம்மா?” என்றதும் ஏறிக்கொண்டேன்.

“பாரிவாக்கத்தில பழைய கார் ஒண்டு வச்சிருக்கிற எத்திராஜ் எண்டவரின்ர வீடு தெரியுமோ?”

“லைட்டு காணாப் போன ஊடா? தெரியாத இன்னா? போலீசு வரிக்கும் பூட்டாங்களே. கூடப் பொறந்த தம்பி மேலயே கம்ப்ளைண்டு. அந்தப் பெரிசு கைல லைட்டு எட்த்தவன் மாட்னான்னா அவ்ளோதான்.”

என் மடியில் இருந்த பை அந்தக் கணத்தில் கனத்தது. திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆட்டோ அதற்குள் ஆவடிச் சாலையிலிருந்து ஒரு தெருவுக்குள் இறங்கிவிட்டது. ஒருபுறம் புதிய அடுக்குமாடிகள், பால்கனிகளில் துணி காய்ந்தது. மறுபுறம் எருமை கட்டியிருந்த பழைய வீடுகள்.

எத்திராஜின் வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகையின் கீழ் அந்தக் கார் நின்றது. எங்கள் காரின் உடன்பிறப்பு மாதிரி. கருநீலம். அப்படி ஒரு பளபளப்பை எங்கள் கார் கலியாண நாளிலும் கண்டதில்லை. ஆனால் முன்பக்கத்தில் இரண்டு வட்டமான பள்ளங்கள், அவற்றிலிருந்து ஒயர்கள் வெளியே தொங்கின.

“யாரும்மா அது? பிளாட்டு கேட்டு வந்தவளா? எடம் விக்கறதா இல்ல.”

உயரமான மனிதர். எண்பதைத் தாண்டியிருப்பார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் காரைத் துடைக்கிற துணி.

“இல்லை ஐயா. காரைப் பாக்க வந்தனான். எங்களிட்டயும் இதே மாதிரி ஒண்டு நிக்குது. சாவகச்சேரியில.”

“சிலோனா?” துணியைத் தோளில் போட்டார். “ஓட்டறது யாரு?”

“நான்தான்.”

“நீயா? கியரு எந்தப் பக்கம் மக்கர் பண்ணும்?”

“ரெண்டாம் கியர் போடேக்க இறுகும்.”

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலி போடச் சொன்னார். உள்ளே திரும்பி, “கோமதி, டீ எட்த்தா! நம்ம வண்டியோட ஒறவுக்காரங்க வந்துகீறாங்க” என்று கத்தினார். பிறகு காரின் முகத்தைத் தடவினார். “பாத்தியாம்மா? கண்ணு ரெண்டத்தையும் புடுங்கிக்கினு பூட்டாங்க. முப்பது வருசமா இத்த நான்தான் தொடச்சி, ஒயரு மாத்தி, எரிய வச்சிக்கினு இருந்தேன். வண்டிய எட்த்தா கும்மிருட்டுலயும் ஊரே பகலு மாறி தெரியும்.”

“ஆர் எடுத்திருப்பினம்?”

“யாரா? அதோ அந்தப் பச்ச கேட்டு ஊடு. குமாருன்னு ஒருத்தன் கீறான். எங்கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கினு திரியறான். ரொம்ப நாளா இந்த வண்டி மேல அவனுக்குக் கண்ணு. போலீசாண்ட போனேன். அண்ணன் தம்பி வெவகாரம், பேசித் தீத்துக்கன்னு அனுப்ச்சிட்டாங்க. பேசுவனா அவன்கிட்ட? செத்தாலும் வரக்கூடாதுன்னு சொல்ட்டேன்.”

களவெடுத்தது டில்லிபாபு என்றால் இவர் தம்பியைத் திட்டுவது அநியாயம். தம்பியே டில்லிபாபுவுக்கு விற்றிருந்தால்? நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தேநீர் வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், மருமகள். தட்டை நீட்டியவளின் கண் என் கைப்பையில் விழுந்தது. பையின் வாய் முழுதாக மூடவில்லை. மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது.

தேநீர் தட்டில் சிந்தியது.

“இன்னா கோமதி, டீ சிந்துது?”

“ஒண்ணுமில்ல மாமா. அக்கா, கை கழுவணும்னீங்களே, வாங்க.”

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எழுந்து அவள் பின்னால் போனேன். கிணற்றடிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டில்லி அண்ணன்கிட்ட வாங்கினவங்க நீங்கதானா? ஏங்க்கா இங்க எடுத்துட்டு வந்தீங்க? கடல் தாண்டிப் போயிடும்னு சொன்னாரே!”

“நீரா குடுத்தது?”

தலையாட்டினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மாமனாருக்குச் சில மாதங்களாக வழி குழம்புகிறது. ஒரு சாயங்காலம் அவளைப் பூந்தமல்லிக்குக் காரில் கூட்டிப்போனவர், திரும்பும்போது பைபாஸில் எதிர்த் திசையில் ஏறிவிட்டார். நேரே லாரிகள் வந்தன. அவள் கத்தினாள். “ஏம்மா எல்லாரும் தப்பா வரானுங்க?” என்று அவர் கேட்டாராம். ஒரு லாரிக்காரர் குறுக்கே நிறுத்தி இறங்கி வந்ததால் பிழைத்தார்கள். அடுத்த நாள் அவருக்கு அது எதுவுமே ஞாபகம் இல்லை.

“சாவிய ஒளிச்சி வச்சேன், ஒயரப் பிச்சி ஸ்டார்ட் பண்ணிட்டார். பேட்டரிய எடுத்தேன், கடைல போயி புதுசு வாங்கிட்டு வந்துட்டார். லைட்டு மட்டும்தாங்க்கா எங்கயும் கெடைக்காது. லைட்டு இல்லாம வண்டிய வெளில எடுக்கறது அவருக்கு மானக்கேடு. அதான் அத எடுத்தேன். குமார் சித்தப்பா மேல பழி போடுவார்னு நெனைக்கல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் சொல்லல.”

“இன்னா அங்க குசுகுசுன்னு?”

எத்திராஜ் எங்கள் பின்னால் நின்றார். அவர் பார்வை என் பையில் இருந்தது. மஞ்சள் துணியில் ஒரு பாதிப் பெயர் தெரிந்தது.

“அது எங்க ஊட்டுக் கல்யாணப் பை. உங்கையில எப்டி வந்துது? தொற.”

திறந்தேன். வேறு என்ன செய்வது? துண்டைப் பிரித்து விளக்குகளைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்தார், திருப்பினார், மூச்சு வாங்கியது. “சிலோன்காரி! டீ குட்ச்சிக்கினே என் ஊட்லயே…” என்று குரல் எழும்பியபோது கோமதி குறுக்கே வந்தாள்.

“அக்கா எடுக்கல மாமா. நான்தான் எடுத்தேன்.”

லாரிக் கதையை மறுபடி சொன்னாள், இந்த முறை நேரே அவர் முகத்தைப் பார்த்து. அவர் நம்பவில்லை. “பொய்யி” என்றார். பிறகு, “மெய்யாலுமா?” என்றார். பிறகு கிணற்றுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். விளக்கின் கண்ணாடியை விரலால் தடவினார்.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். “நீ வண்டி ஓட்றவ. நீ சொல்லு. நான் ஓட்டலாமா, கூடாதா?”

கூடாது என்று சொன்னால் விளக்கு எனக்கு. அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

“என்னட்டக் கேக்காதேங்கோ ஐயா. எனக்கு அந்த லைற் வேணும். நான் சொல்லுறதை நம்பேலாது.”

அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. “அப்ப பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு சொல்லு.”

விளக்குகளைப் பள்ளங்களில் வைத்து, ஒயர்களைப் பொருத்தி, திருகாணி முடுக்கியது நான். என் கையை நம்பாமல் ஒவ்வொரு திருகாணியையும் அவர் மறுபடி முடுக்கிப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் கொட்டகைச் சுவர் முழுக்க வெளிச்சம் நிறைந்தது. கோமதி பின்சீட்டில் ஏறி, முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவருக்குப் பக்கத்தில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில்.

ஊர்த் தெருவுக்குள் மட்டும் என்று சொல்லி வைத்தோம். நன்றாகத்தான் ஓட்டினார். கிளட்சை மிதித்த பதமும், வளைவில் கை போன விதமும் பார்க்க ஆசையாக இருந்தது. இவர் லாரிகளுக்கு எதிரே ஏறினார் என்பதைக் கோமதி கற்பனை செய்து சொன்னாளோ என்றுகூட நினைத்தேன். ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சத்தோடு. அவ்வளவுதான். கார் மெல்ல மெல்ல அந்த வெளிச்சத்தை நோக்கியே போகத் தொடங்கியது.

“ஐயா, இடப் பக்கம். ஐயா!”

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கார் குறுக்கே நின்றது. மோட்டார் சைக்கிள்காரன் கத்திவிட்டுப் போனான். எத்திராஜ் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“நம்ம ஊடு எந்தப் பக்கம்மா?”

அந்தத் தெருவில் பிறந்த மனிதர் அவர். கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெளிந்தது. கதவைத் திறந்து இறங்கினார். காரின் முன்னால், தன் விளக்குகளின் வெளிச்சத்தைத் தாண்டிச் சுற்றி நடந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

“தள்ளிக்க. நீ ஓட்டு.”

இடப்பக்க சீட்டில் அவர் உட்கார்ந்தபோது, இருக்கை உயரம் பழகாதவர் போல் நெளிந்தார். “இந்தப் பக்கம் ஒக்காந்ததே இல்ல” என்றார். நான் ஓட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வெளிச்சத்தில் தெருவின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. இப்படி ஒரு தெருவை நாவற்குழியில் பார்க்க நான் எவ்வளவு நாளாக ஆசைப்பட்டேன்!

பச்சைக் கேட் வந்ததும், “நிறுத்து” என்றார். கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். அண்ணனைப் போலவே உயரம், கொஞ்சம் கூனல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்குப் பின்னாலேயே நின்றார். திறக்கவில்லை.

“டேய் குமாரு. லைட்டு கெட்ச்சிட்ச்சு.”

“தெரியுது. யாரு எட்த்தது?”

பின்சீட்டில் கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். எத்திராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே, வெளிச்சம் விழுந்த தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

“யாரும் எடுக்கலடா. நான்தான் கயட்டி வச்சிட்டு மறந்துட்டேன். வயசாவுது இல்ல?”

குமார் என்னைப் பார்த்தார், பின்சீட்டில் இருந்தவளைப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டைத் திறந்தார்.

“காப்பி போடச் சொல்றேன். எறங்கு.”

அந்த வீட்டில் காபியும், சூடான போண்டாவும் கிடைத்தன. போலீஸ் புகார் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எருமை விலை பற்றிப் பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் எத்திராஜ் ஸ்குரூ டிரைவர் கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டு விளக்குகளையும் தன் கையாலேயே கழற்றினார். வழி மறக்கிற மனிதரின் விரல்கள் திருகாணிகளை மறக்கவில்லை. வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்து, அதே மஞ்சள் பையில் போட்டு நீட்டினார்.

“ஈரத் துணியால தொடைக்காத. உங்க ஊர்ல உப்புக் காத்து. ரப்பருக்கு எண்ண போடு.”

அவர் இதை முழு நினைவோடுதான் தருகிறாரா, நாளைக்குத் தேடுவாரா என்று கேட்க நினைத்தேன். பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அம்பத்தூருக்குப் போனேன், இந்த முறை சரியான பஸ்ஸில். கள்ளன் என்று நினைத்ததற்கு டில்லிபாபுவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. அவன் என்னைக் கண்டதும், “கண்டுபுட்ச்சிட்டியா? அந்தப் பொண்ணு இங்க வந்து கண்ணு கலங்கி நின்னுச்சுக்கா. யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினு போச்சு. அதான் ஃபோன எடுக்கல” என்றான். எனக்கு மனம் இளகியது. உடனே அவன் ஒரு ஹாரனை எடுத்து வைத்தான். “இதுவும் ஒரிஜினலுக்கா. உன் வண்டிக்குன்னே செஞ்சது.” நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் நகத்தோடு வந்தது. மன்னிப்பை நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது?” என்றார். “பழைய கார் லைற்.” “யார் குடுத்தது?” “தெரிஞ்ச ஆக்கள்” என்றேன். சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்து விளக்குகளைப் பொருத்திய பிறகு, முதல் நாள் விடியற்காலைப் பயணத்தில் கைதடி தாண்டியதும் பின்சீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேரும் கண்ணைத் திறந்துகொண்டு, வழியில் தெரிந்த வீடுகளைச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். பரமேசக்கா என் தோளைத் தட்டி, “தவமணி, இந்த வளவில மதில் கட்டினவங்களோ? எப்ப?” என்று கேட்டார். மதில் கட்டி ஒரு வருசத்துக்கு மேலாகிறது.

சில வாரம் கழித்துக் கோமதி அழைத்தாள். மாமா கார் ஓட்டக் கேட்பதில்லை, தினமும் துடைக்கிறார், சித்தப்பா காலையும் மாலையும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றாள். அதற்கு மேல் சொல்லத் தயங்கினாள்.

“என்ன பிள்ளை, சொல்லும்.”

“மாமாவுக்கு அவரே கழட்டிக் குடுத்தது ஞாபகம் இல்லக்கா. லைட்ட காணோம்னு மறுபடியும் ஆரம்பிச்சிட்டார். சிலோன்லேர்ந்து ஒருத்தி வந்தா, டீ குடிச்சா, தூக்கிட்டுப் போய்ட்டான்னு ஊர் முழுக்கச் சொல்றார். சித்தப்பாவும் சேந்துகிட்டு ஆமாம் போடறார். ரெண்டு பேரும் காப்பியக் கையில வச்சிக்கிட்டு உங்களத்தான் திட்டிட்டு இருக்காங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு. உண்மையச் சொல்லிடட்டுமா?”

“வேண்டாம். நான்தான் எடுத்ததெண்டு இருக்கட்டும்.”

தொலைபேசியில், அவளுக்குப் பின்னால், இரண்டு கிழவர்களின் குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கேட்டன. வார்த்தைகள் தெளிவாக விழவில்லை. யாரைப் பற்றி என்று எனக்குத் தெரிந்திருந்தது.